காது விரித்த கார்

இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும் என் நாக்கு வெந்து போகட்டும். மிச்சமிருக்கும் பற்களும் உதிர்ந்து, நாளை முதல் எல்லாவற்றையும் உறிஞ்சியே சாப்பிடும் கதி வரட்டும். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. திகில் கதை என்றால் நடுராத்திரி வேண்டும், தூரத்தில் ஏதாவது ஊளையிட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்க வேண்டும். இது மத்தியானம் நடந்தது. அதற்கு நான் என்ன செய்ய?

மாப்பிள்ளை கார் ஷெட்டுக்குள் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தார். அப்போது கார் காதை விரித்தது.

காது என்பது அந்த வீட்டுப் பேச்சு. கதவோரக் கண்ணாடிகள் இரண்டும், சாவி பக்கத்தில் இல்லாதபோது உடம்போடு ஒட்டி மடங்கிக் கிடக்கும். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆள் கிட்டே வந்தால் போதும், ஒரு சின்ன முனகலோடு விரியும்; உள்ளே மஞ்சளாக ஒரு விளக்கு எரியும். "எசமான் வர்றது எப்படித் தெரியுது பாரு இதுக்கு" என்று மாமனார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். "கட்டுன பொண்டாட்டியே சில நாள் என்னை யாருன்னு கேக்கற மாதிரி பாப்பா. இது கேக்காது."

மாப்பிள்ளையின் கையில் சாவி இல்லை. வீட்டில் எங்குமே சாவி இல்லை. அதனால்தான் வேனில் வந்து சாவி செய்து கொடுப்பவர்களுக்குப் போன் போட்டுவிட்டுக் காத்திருந்தார். காது விரிந்தது. விளக்கு எரிந்தது. தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவே எதையோ ஒட்டுக்கேட்பது போல அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தானாக மடங்கிக்கொண்டது.

பேட்டரி இறங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். ரொம்ப நாளாக ஓட்டாத வண்டி. அப்படி நினைத்த உடனே கடைசியாக ஓட்டியது யார் என்பதும் நினைவுக்கு வந்து, யாரும் பார்க்காத அந்த ஷெட்டுக்குள்ளும் அவர் முகம் சூடேறிப் போனது.

அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்பது இவர் ஒருவருக்குத்தான் தெரியும். மண்ணுக்கடியில் இருக்கிறது. மாமனாருக்குப் போட்டு அனுப்பிய நல்ல கோட்டின் பையில்.

வெளியே சொல்லக்கூடிய விஷயமில்லை அது. மாமனார் படுத்த படுக்கையானதும் பார்த்துக்கொள்ள ஒரு நர்சம்மாவை வைத்திருந்தார்கள். அந்த அம்மா குளித்துச் சாப்பிட்டு வருகிற நேரம் மட்டும் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார வேண்டும். வேலை போய், வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து ஒட்டிக்கொண்ட மனிதருக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே வேலை அதுதான். மாமனார் கண் அசந்ததும் இவர் தலையணைக்கு அடியிலிருந்து சாவியை உருவிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கேயும் போவதில்லை. நாலு தெருவைச் சுற்றி ஒரு வட்டம், அவ்வளவுதான். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பார்ப்பான். அந்த ஒரு பார்வைக்காக. சாவியை அடையாளம் கண்டுகொண்டு டிரைவர் சீட்டு மாமனாரின் நெட்டைக் காலுக்குத் தோதாகத் தானே பின்னால் போய்விடும். இவருக்கோ கட்டைக் கால். சீட்டை மாற்றினால் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்து, தாமதமாக வந்த பள்ளிப் பிள்ளை பெஞ்சு நுனியில் தொற்றிக்கொண்டிருப்பது போல உட்கார்ந்துதான் ஊரை வலம் வருவார். ராஜ பவனி!

கடைசி நாளன்று கூடப் படித்தவன் ஒருவன் வழியில் எதிர்ப்பட்டான். "யாரு வண்டிடா?" என்றான். "நம்ம வண்டிதான்" என்றார். அப்படிச் சொன்ன பிறகு சும்மா விட முடியுமா? அவனை ஏற்றிக்கொண்டு இன்னொரு வட்டம். ஏசி, பாட்டு, சிரிப்பு. திரும்பி வந்து அறைக்கதவைத் தள்ளியபோது மாமனார் கட்டிலிலிருந்து பாதி சரிந்து தொங்கிக்கொண்டிருந்தார். கை கதவுப் பக்கம் நீண்டிருந்தது. கூப்பிடுவதற்காகப் பக்கத்தில் வைத்திருந்த மணி தரையில் உருண்டு கிடந்தது. வாய், யாரையோ கூப்பிடுகிற வாக்கிலேயே நின்றுபோயிருந்தது.

தூக்கி நேராகப் படுக்க வைத்தார். கண்ணை மூடிவிட்டார். மணியை எடுத்து மேசைமேல் வைத்தார். வெளியே மாமியாரின் செருப்புச் சத்தம். கையில் இன்னும் சாவி. கதவுக்குப் பின்னால் தொங்கிய கோட்டுப் பையில் அதைத் திணித்துவிட்டுத் திரும்பினார்.

"அத்தை... இப்பத்தான். என் கையப் பிடிச்சுக்கிட்டே இருந்தாரு. நிம்மதியாப் போயிட்டாரு."

மாமியார் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அதைச் சொன்னார். "பெத்த புள்ள எங்கயோ இருந்தான். மாப்பிள்ளை கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் அவரு உயிர் போச்சு. நான் அழ மாட்டேன். அவரு தனியாப் போகல." அவர் சொல்லும்போதெல்லாம் இவர் தரையைப் பார்ப்பார். அடக்கமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டார்கள். நல்ல கோட்டைப் போட்டு அனுப்ப வேண்டும் என்று சொன்னதும் மாமியார்தான். பட்டன் போட்டுவிட்டது இவர். மச்சான் தலைமாட்டில், மாமியார் கால்மாட்டில். பைக்குள் கட்டியாக விரலில் தட்டுப்பட்டது. எடுக்க முடியவில்லை. மேலே தடவி, துணியை நீவிவிட்டார். அதையும் பாசம் என்றே நினைத்தார்கள்.

இப்போது மச்சான் வண்டியை எடுத்துப் போக மறுநாள் வருவதாக இருந்தது. வீட்டைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தாயிற்று. "அந்த நர்சம்மாதாங்க எடுத்திருக்கணும். அண்ணன் வரட்டும், கூப்பிட்டு வெச்சு நல்லா விசாரிக்கச் சொல்றேன்" என்று மனைவி அன்று காலையில் சொன்னாள். இவர் ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். மாமியாரும் மனைவியும் கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியதும் போனை எடுத்தார். புதுச் சாவி ஒன்று செய்து, தரையில் தேய்த்துப் பழசாக்கி, சோபாவுக்குப் பின்னால் போட்டு, "இதோ இருக்கு" என்று தானே கண்டுபிடித்துவிடலாம் என்பது திட்டம். திருட்டு வேலைக்கென்று வந்துவிட்டால் மனுஷனுக்கு மூளை நன்றாகத்தான் ஓடுகிறது.

வேனிலிருந்து இறங்கியது ஓர் அம்மா. தோளில் பை, கழுத்தில் டார்ச்சு, வாய் நிறையச் சிரிப்பு.

"சாவியத் தொலைச்ச சார் நீங்கதானா?"

"ஆமா."

"ரெண்டுமா?"

"ரெண்டாவது எப்பவோ போயிடுச்சு. ஒண்ணுதான் இருந்துச்சு."

"எல்லாரும் அப்படித்தான் சார். ஒண்ணு தொலையறப்ப என்னை யாரும் நெனைக்கறதில்ல. கடைசிச் சாவியும் போனப்புறந்தான் நான் கடவுள் மாதிரி ஞாபகத்துக்கு வருவேன்." பையைக் கீழே வைத்தார். "வண்டி யார் பேர்ல இருக்கு?"

"மாமனார் பேர்ல."

"வரச் சொல்லுங்க. ஓனர் முகத்தப் பாக்காம நான் கைய வெக்கறதில்ல."

"அவரு... தவறிட்டாரு."

"அடடா. மன்னிச்சுக்கங்க சார்." சாவிக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சுதானே பண்றீங்க?"

"தெரியும்."

அவ்வளவு சுலபமாக அது வாயிலிருந்து வழுக்கி விழுந்தது. பழகப் பழக எல்லாம் கைவந்துவிடுகிறது.

காகிதங்களைப் பார்த்துவிட்டு அவர் வேலையைத் தொடங்கினார். கதவிடுக்கில் ஒரு காற்றுப் பையைச் செருகி, ஊதி, நீளமான கம்பியை உள்ளே விட்டு இழுத்தார். அலாரம் வீட்டையே எழுப்புவது போல அலறி அடங்கியது. கதவு திறந்ததும் உள்ளே அடைந்து கிடந்த காற்று வெளியே வந்தது: நோயாளி அறையில் தினமும் தேய்த்த தைலத்தின் காரம், அதற்குக் கீழே, ஆழத்தில் தோண்டி எடுத்த ஈர மண்ணின் குளிர்ந்த நெடி.

"மழை வாசனை" என்றார் சாவிக்காரம்மா. மாமனாரை இறக்கிய குழிக்குப் பக்கத்தில் நின்றபோது மாப்பிள்ளைக்கு அடித்தது இதே வாசனை.

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒயரைச் செருகி, கையிலிருந்த கருவியைப் பார்த்தவர், தலையைத் தூக்கினார்.

"சார், விளையாடாதீங்க. சாவி உங்க பாக்கெட்லதான இருக்கு?"

"இல்லீங்க." இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினார், கடையில் மிட்டாய் திருடி மாட்டிக்கொண்டவனைப் போல.

"பின்ன, பக்கத்துல சாவி இருக்குன்னு வண்டி சொல்லுதே."

முனகல். காதுகள் விரிந்தன.

சாவிக்காரம்மா டார்ச்சு அடித்துக் காருக்கடியில் தேடினார், அலமாரிக்குப் பின்னால் தேடினார். "போயிடுச்சு" என்றார். காதுகள் மடங்கின. "வந்துடுச்சு." விரிந்தன. "என்ன சார் இது, சாவி நடக்குது? ஷெட்டுக்குப் பின்னாடி யாராவது பையில வெச்சுக்கிட்டுப் போறதும் வர்றதுமா இருக்காங்களா?"

ஷெட்டுக்குப் பின்னால் மதில். இரண்டுக்கும் இடையே ஒரு பூனை நுழையலாம். ஆனாலும் மழைச் சத்தத்துக்கு அடியில், அந்தத் தகரத்தை ஒட்டி, ஏதோ ஒன்று நெடுநாள் படுத்துக் கிடந்த கால்களை இழுத்து இழுத்து வைத்து, சேற்றில் சளக்கென்று பதிந்து, நின்று, மறுபடியும் இழுத்து, வாசல் எந்தப் பக்கம் என்று தேடுவது போலச் சுற்றி வருவது மாப்பிள்ளைக்குக் கேட்டது.

"சீக்கிரம் முடிங்க" என்றார்.

"பழைய சாவிய அழிக்கணும் சார். அழிச்சுட்டா அது எங்க கெடந்தாலும் வெறும் பிளாஸ்டிக்குத்தான். யார் கையில இருந்தாலும் சரி, வண்டி அவங்கள மறந்துடும்." கருவியை நீட்டினார். "இதுல சரின்னு இருக்கு பாருங்க. அமுக்குங்க."

"நானா?"

"என் பழக்கம் அது. அழிக்கற பட்டன மட்டும் நான் தொட மாட்டேன். நாளைக்கு ஒருத்தர் வந்து, என்னைக் கேக்காம யாரு அழிச்சதுன்னு நின்னா, நான் பதில் சொல்ல முடியாது பாருங்க."

அமுக்கினார்.

பட்டென்று காதுகள் மடங்கின. விளக்கு அணைந்தது. ஷெட்டுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்ததும் நின்றது. மழை மட்டும். மாப்பிள்ளைக்கு நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. வந்த உடனே வெட்கமாகவும் இருந்தது. கிழவர் கூப்பிட்டுக்கொண்டு வந்ததும், இவர் கதவைச் சாத்தியதும், இது இரண்டாவது தடவை.

புதுச் சாவியை ஸ்டார்ட் பட்டன்மேல் வைத்துப் பிடித்தார் சாவிக்காரம்மா. பீப் என்றது. "அவ்வளவுதான் சார், கொழந்த பொறந்தாச்சு" என்று சிரித்துக்கொண்டே கருவியைப் பார்த்தவரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"ரெண்டுன்னு காட்டுது."

"என்னது?"

"வண்டிக்கு ரெண்டு சாவி தெரியுமாம். நான் ஒண்ணுதான குடுத்தேன்?"

மறுபடியும் அழித்தார்கள். மாப்பிள்ளைதான் அமுக்கினார். புதுச் சாவியை வைத்தார்கள். இரண்டு. மறுபடியும் அமுக்கினார், இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு, நகம் வெளுக்கும்படி. இரண்டு.

சாவிக்காரம்மா அதற்குமேல் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. ஒயரைச் சுருட்டினார். பையைத் தோளில் மாட்டினார். புதுச் சாவியை மாப்பிள்ளையின் கையில் வைத்தார்.

"ஒண்ணு உங்களது. இன்னொண்ணு யாரோடதுன்னு வண்டிக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரிய வேணாம்." வாசலில் திரும்பி, "சார், வீட்டுல யாருக்கும் சொல்லலைன்னா, சொல்லிடுங்க" என்றார். வேன் போய்விட்டது.

மாப்பிள்ளை குந்தி உட்கார்ந்து சாவியைச் சிமெண்டுத் தரையில் தேய்க்க ஆரம்பித்தார். சர்க், சர்க். எவ்வளவு பயந்தாலும் நாளைக்கு மச்சான் வருவார், நர்சம்மாவைக் கூப்பிடுவார்கள், அந்த அம்மா மத்தியானங்களில் தான் திரும்பி வந்தபோது யார் இல்லாமலிருந்தார் என்று சொல்லுவார். பிறகு மாமியாரின் முகத்தை எப்படிப் பார்ப்பது? தேய்த்தார். சர்க், சர்க். சாவியைத் தூக்கிப் பார்த்தார்.

சர்க், சர்க்.

காரின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

நின்றது.

ஓடியிருக்கலாம். ஆனால் வண்டி கிளம்புகிறதா என்று பார்க்காமல் சாவியைச் சோபாவுக்குப் பின்னால் போட்டு என்ன பயன்? அந்த நேரத்திலும் அந்தக் கணக்கைப் போட்டார், பாவி மனுஷன். கதவைத் திறந்து உட்கார்ந்தார். சீட்டு நகரவில்லை. புதுச் சாவிக்கு யாருடைய காலும் தெரியாது. சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். முதல் தடவையாக அந்த வண்டியில் முதுகைச் சாய்த்து, கால் எட்ட, ஒழுங்காக உட்கார்ந்தார். நன்றாக இருந்தது.

காதுகள் மடங்கின. மறுபடியும் விரிந்தன.

இன்னொருவர் வந்தால் விரிவது போல.

மோட்டார் முனகியது. சீட்டு பின்னால் போனது. மெதுவாக. கால் பெடலைவிட்டு நழுவியது. இன்னும் பின்னால். தலைக்கு மேலிருந்த கண்ணாடி தானாக நிமிர்ந்தது, உயரமான ஒருவரின் கண்ணுக்கு. டிரைவர் கதவு திறந்தது. மழைச் சாரல். தைலம். மண்.

மாப்பிள்ளை நகர்ந்து இடம் விட்டார். ஆமாம், அலறவில்லை, இடம் விட்டார். அந்த வீட்டில் அவருக்குப் பழகிப்போனது அதுதான். பக்கத்துச் சீட்டில் ஒடுங்கிக்கொண்டார். டிரைவர் சீட்டு மெத்தை அமுங்கியது. கதவு சாத்திக்கொண்டது. ஸ்டீயரிங்கிலிருந்து சேற்று நீர் சொட்டியது. சொட்டு. சொட்டு. இந்தப் பக்கக் கதவை இழுத்தார். திறக்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பக் கூடாது. கோட்டுத் துணி உரசும் சத்தம்.

தெருக்கதவு கிறீச்சிட்டது.

மாமியார்தான். மகளை மருந்துக் கடையில் விட்டுவிட்டு முன்னால் வந்துவிட்டார். பரிசோதனைக்காக மருந்து விட்டிருந்ததில் அவர் கண்மணிகள் கரேலென்று விரிந்திருந்தன. குடையைப் பிடித்தபடி, காருக்குள் எரிந்த மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்து, தட்டுத் தடுமாறி ஷெட்டுக்குள் வந்தார். டிரைவர் பக்கம் வந்து குனிந்தார். கண்ணாடி இறங்கியது.

அத்தை, என்று கத்தப் பார்த்தார் மாப்பிள்ளை. காற்று மட்டும் வந்தது.

மாமியார் பயப்படவில்லை. முகம் மலர்ந்தது.

"என்னங்க" என்றார் மெதுவாக. "இப்படி நனைஞ்சுட்டீங்களே."

சொட்டு. சொட்டு.

"ரொம்ப வலிச்சுதா? நான்தான் பக்கத்துல இல்லாமப் போயிட்டேன். மாப்பிள்ளையாவது இருந்தாரே. கையப் பிடிச்சுக்கிட்டு..."

நிறுத்தினார். காதை ஜன்னலுக்கு அருகில் கொண்டுவந்தார். யாரோ பேசுவதைக் கேட்டார். மாப்பிள்ளைக்கு அதில் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. மாமியாரின் குரல் மட்டும் கேட்டது.

"ம்."

"ம்."

"எவ்வளவு நேரம் கூப்பிட்டீங்க?"

நீண்ட நேரம் கேட்டார். மலர்ந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூம்பியது. குடை கையிலிருந்து விழுந்தது. பிறகு மாமியார் நிமிர்ந்தார். வெள்ளையே தெரியாமல் விரிந்து கிடந்த அந்தக் கருவிழிகள் டிரைவர் சீட்டைத் தாண்டி, மெல்ல, மெல்ல, மாப்பிள்ளையின் மேல் வந்து நின்றன. இமைக்கவில்லை.

இதையெல்லாம் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை சொன்னவர் அந்த மாமனார்தான், போன வாரம், தன் காரில் என்னை வீட்டில் இறக்கிவிடும் வழியில்.